ஜனவரியில் ஆட்டோபான் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜனவரி கடைசியில் மகன் வீட்டுக்கு மியூனிக் போகிறோம். அங்கே வாடகைக் கார் எடுத்து, குடும்பத்தோடு ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரை நானே ஓட்டிப் போக ஆசை. முப்பது வருஷமாக ஓட்டுகிறேன். ஊட்டிக்கும் வால்பாறைக்கும் எத்தனையோ முறை போயிருக்கிறேன். பனிக்காலத்தில் ஆட்டோபான் என்கிற அந்த ஊர் விரைவுச்சாலை நமக்குச் சரிப்படுமா?
– கோவை வாசகர்

பதில்: சரிப்படும் ஐயா. ஆனால் வால்பாறை அனுபவம் இதற்குக் கை கொடுக்காது. மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவும் பள்ளமும் கண்ணுக்குத் தெரியும், கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். ஆட்டோபானில் பயமுறுத்த எதுவும் இருக்காது. அகலமான சாலை, அமைதியான கார், முள் 120-ஐத் தொட்டிருப்பதே தெரியாது.

நான் ரோஸன்ஹைமில் குடியிருக்கிறேன். வேலைக்கு மியூனிக் போய்வருவது நீங்கள் போகப்போகிற இதே ஏ8 சாலையில்தான். பனி கொட்டுகிற நாளைவிட, வானம் தெளிந்த விடியற்காலைதான் எனக்குக் கவலை. கொட்டும்போது எல்லாரும் மெதுவாகப் போவார்கள், உப்பு வண்டிகளும் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும். தெளிந்த இரவில் தரை தன் சூட்டை விட்டுவிட்டு, காற்றைவிடக் குளிர்ந்துபோகும். காலையில் தார் கறுப்பாக, லேசாக நனைந்தது மாதிரி இருக்கும். அது ஈரமா, ஐஸ் படலமா என்று ஓட்டுகிறவர் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் டாஷ்போர்டில் வெளி வெப்பநிலையைப் பாருங்கள். பல கார்கள் 3, 4 டிகிரியிலேயே பனிப்பூ அடையாளம் காட்டி எச்சரிக்கும். பூஜ்யம் ஆகவில்லையே என்று அதை அலட்சியம் செய்யாதீர்கள். பாலங்கள் இன்னும் மோசம். கீழேயும் குளிர்காற்று ஓடுவதால் மற்ற இடங்களுக்கு முன்பே உறைந்துவிடும். உங்கள் வழியில் வயார்ன் பக்கத்தில் மாங்ஃபால் ஆற்றின் மேல் உயரமான பாலம் ஒன்று வரும். அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், பாலத்தின் மேல் பிரேக் போடாதீர்கள்.

80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் மிதித்தால் காய்ந்த சாலையில் சுமார் 30 மீட்டரில் வண்டி நிற்கும். இறுகிய பனியில் அதுவே 100 மீட்டர் ஆகும். ஐஸில் 250 மீட்டர்கூட ஆகலாம். நான்கு சக்கரமும் இழுக்கிற பெரிய வண்டி கிளம்பும்போது உதவும், நிற்கும்போது உதவாது. சந்தேகமாக இருந்தால், அங்கே மெதுவாகப் போகிறவர்களுக்கான வலது ஓர லேனில் 80-ல் போங்கள். லாரிகளுக்கு அங்கே அதுதான் வரம்பு என்பதால் உங்களை யாரும் தொந்தரவாக நினைக்க மாட்டார்கள். வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைக்கிற க்ரூஸ் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள்.

அடுத்து டயர். ஜெர்மனியில் வின்டர் டயருக்கு, அதாவது பனிக்கால டயருக்கு, தேதிக் கணக்கு கிடையாது. சாலையில் பனியோ ஐஸோ இருந்தால், மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ அடையாளம் போட்ட டயர் வண்டியில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் குறைந்தது 60 யூரோ அபராதம். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, பனிக்கால நிலைமை இருக்கிற சாலையில் வின்டர் டயர் கட்டாயம். டயரின் பள்ளமும் 4 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். புக் செய்யும்போதே வின்டர் டயர் வேண்டும், எல்லை தாண்டப்போகிறேன் என்று சொல்லி, இரண்டுக்கும் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சால்ஸ்பர்க்கைத் தாண்டியும் ஆட்டோபானில் போவதாக இருந்தால் ஆஸ்திரியாவின் சுங்க வில்லையும் (சாலைக் கட்டணம் கட்டியதற்கான ஸ்டிக்கர்) வேண்டும். இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட்டை ஊரிலேயே ஆர்.டி.ஓ. ஆபீசில் எடுத்துவிடுங்கள்.

சனிக்கிழமை மட்டும் கிளம்பாதீர்கள். பனிச்சறுக்கு விடுதிகளில் ஆள் மாறுகிற நாள் அது. இர்ஷன்பெர்க் ஏற்றத்தில் ஒரு லாரி பனியில் ஏற முடியாமல் நின்றால் போதும், மைல்கணக்கில் தேங்கிவிடும். வண்டிகள் ஊர்ந்து போகத் தொடங்கியதுமே, நிற்பதற்கு முன்பே, இடது ஓர லேனில் இருப்பவர் இடது பக்கம் ஒதுங்க வேண்டும், மற்ற எல்லாரும் வலது பக்கம் ஒதுங்க வேண்டும். நடுவில் பிறக்கிற அந்த வழி ஆம்புலன்சுக்கும் மீட்பு வண்டிக்கும் உரியது. நம் ஊர்ப் பழக்கத்தில் இடம் கிடைத்ததே என்று தயவுசெய்து அதில் நுழைந்துவிடாதீர்கள். ஒரு உயிருக்காக விட்ட இடம் அது.

விளக்கு விஷயமும் உண்டு. 'ஆட்டோ'வில் விட்டால், பகலில் பனி கொட்டும்போது பல கார்களில் பின்விளக்கு எரியாது. கையால் போடுங்கள். ஓரத்தில் இருக்கிற வெள்ளைக் கம்பங்கள் நேரான சாலையில் 50 மீட்டருக்கு ஒன்றாக நிற்கும். ஒன்றின் பக்கத்தில் வரும்போது அடுத்தது தெரியவில்லையா? அப்போது 50-க்கு மேல் போகக் கூடாது. பின்பக்க மூடுபனி விளக்கை, மூடுபனியால் 50 மீட்டர்கூடத் தெரியாதபோது மட்டும்தான் போட வேண்டும், மற்ற நேரத்தில் பின்னால் வருபவர் கண்ணைக் கூசும்.

வானிலை எச்சரிக்கை வந்தால் ரயிலில் போங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் சால்ஸ்பர்க். பேரப்பிள்ளைகளுக்கும் ஜன்னலோரம் கிடைக்கும்.

கேள்வி: ஸ்டுட்கார்ட்டில் இருக்கிற மகள் இந்த வருஷம்தான் கார் ஓட்ட ஆரம்பித்திருக்கிறாள். பனியில் வண்டி வழுக்கினால் என்ன செய்வது என்று கேட்கிறாள்.
– திருச்சி வாசகி

பதில்: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கச் சொல்லுங்கள் அம்மா. கியர் வண்டி என்றால் க்ளச்சை மிதிக்கட்டும். பார்வை, போக வேண்டிய திசையில் இருக்கட்டும். மோதப்போகிற பொருளைப் பார்த்தால் கையும் அங்கேயே திரும்பும். நின்றே ஆக வேண்டும் என்றால் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். காலடியில் பெடல் தடதடக்கும். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏ.பி.எஸ். வேலை செய்வது. புதிதாக ஓட்டுகிறவர்கள் அதற்குப் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி நடத்துகிற ஓட்டுநர் பாதுகாப்புப் பயிற்சிக்கு ஒரு நாள் அனுப்பி வையுங்கள். தண்ணீர் விட்ட வழுக்குத் தளத்தில் இதையெல்லாம் செய்து பார்க்கலாம். படித்துத் தெரிந்துகொள்வதைவிட அது நூறு மடங்கு மேல்.

கேள்வி: பனியில் மணிக்கணக்கில் சாலையிலேயே மாட்டிக்கொண்டால்?
– மதுரை வாசகர்

பதில்: டேங்க் பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு கம்பளி, தண்ணீர், பிஸ்கட், போன் சார்ஜர் வண்டிக்குள் இருக்கட்டும். டிக்கியில் வைத்தால் பனியில் இறங்க வேண்டியிருக்கும். ஹீட்டருக்காக இன்ஜினை ஓட விடுவதற்கு முன், சைலன்சர் குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், வாசனையே தெரியாது. உடம்புக்கு முடியவில்லை என்றால் தயங்காமல் அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் எங்கிருந்தும் இலவசம்.