பெரிலிப்பின்-2 ஆன்டிபாடி போட்டும் வளையம் தெரியாதது ஏன்?

கல்லீரல் செல்களில், கொழுப்புத் துளிகளின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் புரதமான பெரிலிப்பின்-2-ஐக் காட்டும் ஆன்டிபாடி போட்டும் துளிகளைச் சுற்றி வளையம் தெரியவில்லை, எல்லாம் மங்கலாகக் கலைந்து கிடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆன்டிபாடியை மாற்றுவதற்கு முன், செல் சவ்வைத் துளைக்க எதைப் பயன்படுத்தினீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் டிரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்பு போன்ற வேதிப்பொருளாக இருக்கும். கொழுப்புத் துளியை மூடியிருப்பது ஒற்றை அடுக்குப் பாஸ்போலிப்பிட்தான். டிரைட்டான் அதைக் குலைத்துவிடும், புரதமும் இடம் மாறிவிடும். செல்களை மெத்தனால், அசிட்டோன் கொண்டு நிலைப்படுத்தினால் (இருந்த நிலையிலேயே நிறுத்திவைத்தால்) கொழுப்பே கரைந்து போகும்.

4% பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, சவ்வைத் துளைக்க 0.1% சப்போனின் போட்டுப் பாருங்கள். அது சவ்விலுள்ள கொலஸ்ட்ராலைப் பிடித்துத் துளையிடுகிறது. கொழுப்புத் துளியை அவ்வளவாகத் தொடாது. ஆனால் கழுவிவிட்டால் துளை மூடிக்கொள்ளும். அதனால் ஆன்டிபாடிக் கரைசல், கழுவும் கரைசல் எல்லாவற்றிலும் சப்போனின் இருக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

அப்புறம், துளியில் ஒட்டாத பெரிலிப்பின்-2 நிலைக்காது, செல்லில் புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியாசோம் அதைச் சிதைத்துவிடும். அதனால் துளிகள் நிறைய உருவாக, முந்தைய இரவே செல்களுக்கு ஒலியிக் அமிலம் (ஒரு கொழுப்பு அமிலம்) கொடுங்கள். துளிக்குப் பச்சையாக ஒளிரும் போடிப்பி 493/503 சாயம் என்றால் ஆன்டிபாடிக்குச் சிவப்புச் சாயம். பெரிலிப்பின்-2 மரபணுவை நீக்கிய செல்களிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அங்கும் அதேபோல ஒளிர்ந்தால் அந்த ஆன்டிபாடியை நம்பவே கூடாது.