சைக்கிள் டிஸ்க் பிரேக் பேட் எப்போது மாற்ற வேண்டும்? கேள்வி பதில்

கே: அண்ணா, ஹைட்ராலிக் டிஸ்க் வண்டி. 3000 கி.மீ. ஓடிவிட்டது. லிவர் புதுசு போலவே பிடிக்கிறது. பேட் மாற்ற வேண்டுமா?

ப: கி.மீ. கணக்கையும் லிவரையும் நம்பாதீர்கள். ஹைட்ராலிக் பிரேக்கில், அதாவது ஆயில் அழுத்தத்தில் இயங்கும் பிரேக்கில், பேட் தேயத் தேய அதைத் தள்ளும் பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும். அதனால் பேட் தீரும் நிலைக்கு வந்தாலும் லிவர் அதே இடத்தில்தான் பிடிக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

சக்கரத்தைக் கழற்றுங்கள். கழற்றியிருக்கும்போது லிவரை அழுத்தவே கூடாது. காலிபருக்குள் (பேடுகள் உட்காரும் கூடு) டார்ச் அடித்தால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு அடுக்கு தெரியும்: வெளியே உலோகத் தகடு, உள்ளே ரோட்டரை (சக்கரத்தோடு சுற்றும் வட்டு) பிடிக்கும் உராய்வுப் பொருள். அளக்க வேண்டியது உள் அடுக்கை. ஷிமானோ கம்பெனி பேடில் அது 0.5 மி.மீ.க்கு வந்தால் மாற்ற வேண்டும். ஸ்ராம் தகட்டையும் சேர்த்து மொத்தம் 3 மி.மீ., மகுரா மொத்தம் 2.5 மி.மீ. என்று எல்லை வைத்திருக்கிறது. இந்த எண்களைக் கலந்து குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒன்று உராய்வுப் பொருள் மட்டும், மற்றவை தகடோடு சேர்த்து. சந்தேகமாக இருந்தால் பேடைக் கழற்றி வெர்னியரில் அளந்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

என் கருத்து: உராய்வுப் பொருள் 1 மி.மீ. ஆனதுமே புது ஜோடி வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள். ரெசின் பேட் (பிசினால் பிணைத்த மென்மையான வகை) மழையிலும் சேற்று மண்ணிலும் மிக வேகமாகத் தேயும். காய்ந்த சாலையில் மாதக்கணக்கில் வரும் மீதி, ஐப்பசி மழையில் ஒரே நீண்ட சவாரியில் தீர்ந்துவிடலாம்.

கே: என்னுடையது கேபிள் டிஸ்க். லிவர் ஹேண்டில்பார் வரை வருகிறது. கடையில் ஒவ்வொரு தடவையும் கேபிளை இழுத்துக் கட்டித் தருகிறார்கள். சில நாளில் மறுபடி அதேதான்.

ப: கேபிள் பிரேக் தானாகச் சரிசெய்துகொள்ளாது, லிவர் இறங்குவதுதான் பேட் தேய்வதன் அறிகுறி. ஆனால் கேபிளை மட்டும் இழுத்துக்கொண்டே போவது தவறு. பெரும்பாலான கேபிள் காலிபர்களில் வெளிப்பக்க பேட் மட்டும்தான் நகரும். அது ரோட்டரை வளைத்து, அசையாத உள்பக்க பேடின் மீது அழுத்தும். உள் பேட் தேய்ந்தால் அந்தப் பக்க இடைவெளி கூடும், ரோட்டர் அதிகம் வளைய வேண்டியிருக்கும். கேபிளோ அதைச் சரிசெய்யாது.

முதலில் உள்பக்க பேடைத் திருகுங்கள். ஸ்போக் பக்கம் ஆலன் கீ போடும் துளையோ கையால் திருகும் குமிழோ இருக்கும். ரோட்டரை லேசாக உரசும் வரை உள்ளே கொண்டுவந்து, உரசல் நிற்கும் அளவு பின்னால் திருப்புங்கள். அதன் பிறகு கேபிள். லிவரைத் தொடாதபோதே காலிபரின் கை பாதி தூரம் போய் நின்றால், மேற்கொண்டு அழுத்த அதற்கு இடமில்லை என்று பொருள். அப்போது எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. பேடைத்தான் மாற்ற வேண்டும்.

கே: ஒரு பேட் 1.5 மி.மீ. இருக்கிறது, மற்றது அரை மி.மீ. கூட இல்லை. தேய்ந்ததை மட்டும் மாற்றலாமா?

ப: கூடாது, எப்போதும் ஜோடியாக. அதைவிட முக்கியம், ஏன் அப்படித் தேய்ந்தது என்று பார்ப்பது. ஹைட்ராலிக்கில் ஒரு பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது காலிபர் ஒரு பக்கம் தள்ளி நிற்கும். ஒரே பேட் ஆப்பு வடிவில் சரிந்து தேய்ந்திருந்தால் காலிபர் கோணலாகப் பூட்டப்பட்டிருக்கிறது. இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, லிவரை அழுத்திப் பிடித்தபடியே 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள்.

கே: கீச்சென்று சத்தம் வந்தால் பேட் தீர்ந்துவிட்டதா?

ப: அவசியமில்லை. மழையில் நனைந்த கீச்சொலி சில பிடியில் அடங்கிவிடும். காய்ந்த நாளிலும் விடாமல் கத்தி, பிடிப்பும் குறைந்தால் எண்ணெய் பட்டிருக்கும், அல்லது பேட் முகம் கண்ணாடி போல் பளபளத்திருக்கும். கரகரவென்று உலோகத்தோடு உலோகம் தேய்கிற சத்தம் வந்தால் அங்கேயே இறங்கிவிடுங்கள். தகடோ, பேடுகளுக்கு நடுவே இருக்கும் ஸ்பிரிங்கோ ரோட்டரைக் கீறுகிறது. அதோடு ஓட்டினால் ரோட்டர் கெடும், பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே வந்து ஆயிலும் கசியும்.

கே: செயினுக்கு ஸ்பிரே அடித்தபோது பின் டிஸ்க்கில் பட்டுவிட்டது. பேடை கேஸ் அடுப்பில் சுட்டால் சரியாகும் என்கிறார்களே?

ப: செய்யாதீர்கள். ரெசின் பேடில் பசை கருகும், உராய்வுப் பொருள் தகட்டை விட்டுப் பெயரலாம். ரோட்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். பேடில் லேசாகத்தான் பட்டது என்றால் உப்புத்தாளில் முகத்தைத் தேய்த்துப் பார்க்கலாம். ஊறியிருந்தால் புது ஜோடிதான். ரோட்டரைத் துடைக்காமல் புது பேட் போட்டால் அதுவும் வீண்.

கே: சார், கொல்லிமலை இறக்கத்துக்கு மெட்டல் பேட் நல்லதா?

ப: 70 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது மெட்டல் பேட் (உலோகத்தூளை இறுக்கிச் செய்த வகை) சூட்டைத் தாங்கும், மழையிலும் நீடிக்கும். சத்தம் கூடும். ஆனால் வாங்குவதற்கு முன் ரோட்டரைப் படியுங்கள்: ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் மெட்டல் போடக்கூடாது, அந்த மென்மையான ரோட்டர் சீக்கிரம் அரைந்துவிடும். எந்த பேடாக இருந்தாலும் வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, விட்டு, ஆறவிடுங்கள். இறக்கம் முழுக்க லேசாகப் பிடித்தே போனால் பேட் முகம் கருகிப் பளபளத்துவிடும்.

கே: புது பேட் போட்டேன், சக்கரம் சுற்றவே இல்லை.

ப: பிஸ்டன் வெளியிலேயே நிற்கிறது. பழைய பேடைத் திரும்பப் பொருத்தி, நடுவில் பிளாஸ்டிக் டயர் லிவரை விட்டு மெதுவாக விரித்தால் பிஸ்டன் உள்ளே போகும். ஸ்குரூடிரைவரால் பிஸ்டனை நேராக நெம்பினால் அதன் விளிம்பு உடையலாம். முழுதாக உள்ளே போக மறுத்தால், பழைய பேட் தேய்ந்த நிலையில் யாரோ ஆயில் நிரப்பியிருக்க வாய்ப்புண்டு. அதிக ஆயிலை வெளியேற்ற வேண்டும். மினரல் ஆயில் பிரேக்கில் டாட் (DOT) என்ற வேறு வகை பிரேக் திரவத்தை ஒருபோதும் ஊற்றாதீர்கள், சீல்கள் வீங்கிவிடும்.

கே: போட்ட பிறகு பிடிப்பே இல்லை. போலி பேடா?

ப: பேட் ரோட்டரோடு இன்னும் படியவில்லை. ஆளில்லாத சாலையில் 20 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு ஒரே சீராகக் குறையுங்கள். இருபது முறை, முன் பின் தனித்தனியாக. முழுதாக நிறுத்தவோ சக்கரத்தைப் பூட்டவோ கூடாது. பிறகு சற்று கூடுதல் வேகத்தில் பத்து முறை.

கே: ரோட்டர் எவ்வளவு தடிமனுக்கு வந்தால் மாற்ற வேண்டும்?

ப: ஷிமானோ 1.8 மி.மீ. புதுசு, 1.5 வந்தால் மாற்றுங்கள். ஸ்ராமுக்கு எல்லை 1.55. பேட் உரசும் பட்டையில் அளக்க வேண்டும். தேயாத விளிம்பில் வைத்தால் தவறான அளவு காட்டும்.

கே: ஆன்லைனில் நூறு வடிவம் இருக்கிறது. எதை வாங்குவது?

ப: காலிபரில் பொறித்த மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் அழிந்திருந்தால் பழைய பேடைக் கடைக்கே எடுத்துப் போய், ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பேடைப் பூட்டும் ஊசி நுழையும் துளையும், வெளியே நீட்டியிருக்கும் காதும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.