கொழும்பு மாவட்ட வாக்கும் புறக்கோட்டை வியாபாரமும்: கேள்வி பதில்

கொட்டாஞ்சேனையிலிருந்து: அண்ணா, மத்திய கொழும்புக்கு முந்தி மூன்று எம்.பி.மார் இருந்தார்கள் என்று அப்பா சொல்வார். ஒரு தொகுதிக்கு எப்படி மூன்று பேர்?

அப்பா சொன்னது சரி. 1947 தேர்தலிலிருந்து 1977 வரை அது மூன்று அங்கத்தவர் தொகுதி. சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் கலந்து வாழும் இடத்தில் ஒரே தரப்பு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்கு. மூன்று பேருக்குப் பிரித்தும் போடலாம், ஒருவருக்கே மொத்தமாகவும் போடலாம். ஆகவே தொகையில் சிறிய சமூகம் தன் வாக்கை ஒருவர்மேல் குவித்தால், அவர் மூன்றாவதாகவாவது வந்துவிடுவார்.

1947ல் தொழிற்சங்கத் தலைவர் ஏ.ஈ. குணசிங்க, டி.பி. ஜாயா, கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமன் மூவரும் வந்தார்கள். கெனமன் பறங்கியர். சமூக வாக்கென்று அங்கே அவருக்குப் பெரிதாக எதுவும் இல்லை. தொழிலாளர் வாக்கை நம்பி 30 வருடம் அந்த ஆசனத்தை வைத்திருந்தார். 1977ல் ஆர். பிரேமதாச, ஜாபிர் ஏ. காதர், ஹலீம் இஷாக் வென்றார்கள், கெனமன் தோற்றார். அந்த முறையில் நடந்த கடைசிப் பொதுத் தேர்தல் அதுதான்.

மாளிகாவத்தையிலிருந்து: இந்தப் பக்கம் எந்தத் தேர்தலிலும் வீட்டுப் பிரச்சினைதான் மேடையில் முதலில் வருகிறது. ஏன்?

வட, மத்திய கொழும்பில் பலர் வாழ்வது 'தோட்டம்' என்று சொல்லும் நெரிசலான நகரக் குடியிருப்புகளில்: ஒற்றை அறை, பொதுக் குழாய், பொது மலசலகூடம். அங்கே வாக்குக் கேட்டவர்கள் வீட்டைப் பற்றிப் பேசாமல் தப்ப முடியாது. கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்தபோது 1973ல் வீட்டு உடைமை உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று அது வரையறுத்தது. மிகுதி வீடுகள் பலவற்றில் குடியிருந்தவர்களே உரிமையாளர்களாக வழி பிறந்தது. பிறகு பிரேமதாசவின் ஒரு இலட்சம் வீடுகள், பத்து இலட்சம் வீடுகள் திட்டங்கள். கட்சி வேறு, கொள்கை வேறு, ஆனால் இருவரும் வாக்குக் கேட்டது ஒரே முடுக்குகளில்.

கிராண்ட்பாஸிலிருந்து: 2024 நாடாளுமன்றத் தேர்தலில் கொழும்பு மாவட்டத்தின் 18 ஆசனங்களை 14, 4 என்று எப்படிப் பிரித்தார்கள்? கணக்கோடு காட்டுங்க சேர்.

முதலில் வெட்டுப்புள்ளி. செல்லுபடியான வாக்கில் 5 சதவீதம் எடுக்காத கட்சிகளை நீக்கிவிடுவார்கள். எஞ்சியவை இரண்டு: தேசிய மக்கள் சக்தி 788,636, ஐக்கிய மக்கள் சக்தி 208,249. மொத்தம் 996,885.

கூடுதல் வாக்கு எடுத்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். மிச்சம் 17. 996,885ஐ 17ஆல் பிரித்து மேல்நோக்கி முழுமையாக்கினால் 58,641. இதுதான் ஒரு ஆசனத்தின் விலை. தே.ம.சக்திக்கு 13 முழு ஆசனம், மீதி 26,303 வாக்கு. ஐ.ம.சக்திக்கு 3, மீதி 32,326. பதினேழாவது ஆசனம் மீதி பெரிதாக உள்ளவருக்கு, அதாவது ஐ.ம.சக்திக்கு. போனஸோடு 14, 4.

கவனிக்க வேண்டிய இடம் வெட்டுப்புள்ளி. புதிய ஜனநாயக முன்னணி 51,020 வாக்கு எடுத்தும் 5 சதவீதத்தைத் தொட ஆறாயிரத்துச் சொச்சம் போதவில்லை. அத்தனை வாக்கும் ஆசனக் கணக்குக்கு வெளியே போயிற்று. சிறிய கட்சிகள் தனித்துக் கேட்காமல் பெரிய கட்சியின் பட்டியலில் இடம் தேடுவது இதனால்தான்.

வெள்ளவத்தையிலிருந்து: விருப்பு வாக்குப் போடாவிட்டால் வாக்கு பழுதாகுமா?

ஆகாது. கட்சிக்குப் போட்ட புள்ளடி எண்ணப்படும். ஆனால் கட்சியின் பட்டியலிலிருந்து யார் உள்ளே போவது என்பதை, வேட்பாளரின் இலக்கத்துக்குப் போடும் விருப்பு வாக்குதான் தீர்மானிக்கிறது. அதை விட்டால் அந்தத் தீர்மானம் மற்றவர்கள் கைக்குப் போகும். விருப்பு வாக்கு அதிகபட்சம் மூன்று போடலாம். இரண்டு கட்சிக்குப் புள்ளடி போட்டால்தான் முழு வாக்கும் போச்சு. 2024ல் ஐ.ம.சக்திப் பட்டியலில் கேட்ட தமிழ்த் தலைவர் மனோ கணேசனுக்கு அக்கட்சியின் நான்கு ஆசனத்தில் இடம் கிடைக்கவில்லை, கட்சி பெயர் குறிக்கும் தேசியப்பட்டியலால்தான் வந்தார். சிதறி வாழும் தமிழ் வாக்காளர் விருப்பு இலக்கங்களை வெறுமையாக விடுவது பெரிய இழப்பு என்பதே என் அபிப்பிராயம்.

பொரளையிலிருந்து: 14 ஆசனம் எடுத்த கட்சிக்கு 2025ல் கொழும்பு மாநகர சபையில் ஏன் பெரும்பான்மை இல்லை?

மாவட்டம் வேறு, நகரம் வேறு. கடுவெல, ஹோமாகம, மஹரகம, கெஸ்பேவ எல்லாம் மாவட்டத்துக்குள் வரும், மாநகர சபைக்குள் வராது. அந்தப் புறநகர் வாக்கைக் கழித்தால் படம் மாறும். சபையின் 117 உறுப்பினரில் தே.ம.சக்திக்கு 48 பேர்தான் கிடைத்தார்கள். அக்கட்சியின் விராய் கெலி பல்தசார் மேயரானது சபை வாக்கெடுப்பில், 61க்கு 54.

வத்தளையிலிருந்து: எனக்குப் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் கடை. என் வாக்கு கொழும்பிலா?

இல்லை, கம்பஹாவில். வாக்கு குடியிருக்கும் இடத்துக்கு, கடைக்கு இல்லை. புறக்கோட்டையில் வியாபாரம் செய்து வத்தளை, ஹெந்தளையில் குடியேறிய அனைவருக்கும் இதே நிலைதான். மெனிங் சந்தையும் பேலியகொடைக்குப் போனதால் மரக்கறி மொத்த வியாபாரமும் மாவட்ட எல்லை தாண்டிவிட்டது. வெங்காயம், பருப்பு, சீனி இன்னும் நான்காம், ஐந்தாம் குறுக்குத் தெருக்களில். துறைமுகத்தில் கொள்கலன் விடுபட்டதும் லொறி, நாட்டாமைமாரின் (மூட்டை சுமப்பவர்களின்) தோள், களஞ்சியம். ஊர்க் கடைக்காரர் பின்திகதிச் செக்கில் எடுத்துப் போவார். 2022ல் டொலர் இல்லாமல் இறக்குமதிக்கு வங்கியில் நாணயக் கடிதம் (எல்.சி.) திறப்பது முடங்கியபோது இந்தச் சங்கிலி முழுக்க ஆடியது. மூட்டை இறங்காத நாளில் நாட்டாமைக்குக் கூலி இல்லை. அவர் பெரும்பாலும் இங்கேயே குடியிருப்பவர், வாக்கும் இங்கேயே.

மட்டக்குளியிலிருந்து: வாடகை வீடு. வாக்காளர் இடாப்பில் பெயர் பதிய வீட்டுக்காரர் விடமாட்டேன் என்கிறார்.

அவரின் சம்மதம் சட்டத்தில் நிபந்தனை இல்லை, நீங்கள் அங்கே வழமையாக வசிப்பதுதான் தகுதி. வாடகை ஒப்பந்தம், உங்கள் பெயருக்கு அந்த முகவரிக்கு வந்த கடிதங்கள், அடையாள அட்டை ஆகியவற்றோடு கிராம அலுவலரிடம் போங்கள். அவர் தட்டிக்கழித்தால் மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். திருத்த இடாப்பு காட்சிக்கு வைக்கும்போது பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் உரிய நாளுக்குள் கோரிக்கை கொடுங்கள். பாடசாலையில் முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது பெற்றோரின் பெயர் கடந்த ஐந்து வருட இடாப்பில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் புள்ளி போடுகிறார்கள். பிள்ளைக்கு இப்போது ஒரு வயது என்றாலும் இந்த வருடமே தொடங்குங்கள்.