மழை பெய்தால் ஏன் மரம் வெட்டில்லை? ஆறாம் படிவ மாணவிக்கு ஒரு பதில்

கேள்வி: சார், பெஸ்தாரி ஜெயாவிலிருந்து எழுதுகிறேன் (வீட்டில் இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான்). எஸ்.டி.பி.எம். (மலேசியாவின் ஆறாம் படிவத் தேர்வு) புவியியல் எடுத்திருக்கிறேன். முதல் பருவத்தில் இயற்கைப் புவியியல். நோட்ஸ் முழுவதையும் மனப்பாடம் செய்தும் சி-தான் வந்தது. அடுத்த பருவம் மானிடப் புவியியல். அதைக் கதை மாதிரி எழுதிவிடலாம் என்கிறார்கள். இங்கே டியூஷனும் இல்லை. எப்படிப் படிப்பது?

பதில்: மனப்பாடம் செய்ததில் தப்பில்லை அம்மா. எதை மனப்பாடம் செய்தாய் என்பதுதான் கேள்வி. 'ஜெலாஸ்கான்' (விளக்குக) என்று கேட்டால், ஒன்று எதைச் செய்தது, அது அடுத்து எதைச் செய்தது என்று வரிசையாக வர வேண்டும். நான் திருத்திய தாள்களில் சி வாங்கியவர்கள் பெரும்பாலும் பட்டியல் போட்டவர்கள்தான்.

ஏப்ரலிலும் அக்டோபரிலும் உங்கள் பக்கம் மத்தியானத்துக்கு மேல் இடியோடு கொட்டுகிறதே, அந்த மழையை எடுத்துக்கொள். 'பெரோலாக்கான் மழை' (வெப்பச்சலன மழை) என்று எழுதினால் பெயர் சொன்னதோடு சரி. இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மாதங்கள் அவை, காற்றில் வலுவில்லை. வெயிலில் தரை சூடாகிறது. தரையை ஒட்டிய ஈரக்காற்று லேசாகி எழும்புகிறது. எழும்ப எழும்ப விரிந்து குளிர்கிறது. ஒரு கட்டத்தில் நீராவி துளியாகிறது. அப்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பம் (நீராவிக்குள் அடங்கியிருந்த வெப்பம்) காற்றை இன்னும் மேலே தள்ள, மேகம் கோபுரமாக வளர்கிறது. இந்தக் கடைசிப் படியைத்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

சரி, வீட்டில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்த, பாட்டி யாராவது இருந்தால் இன்னொரு மழையைப் பற்றிக் கேள். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்றோடு வரும் மழை அது. விடியலில் பட்டைக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். இருட்டிலேயே வெட்டுக்குப் போனது அதனால்தான். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டிய கோட்டில் நிற்காமல் கண்டபடி வழியும், மங்குக்கு (பால் பிடிக்கும் கிண்ணத்துக்கு) வந்து சேராது. அன்று வெட்டில்லை. வீட்டு வருமானம் வரைக்கும் போய்விட்டோம், பார்த்தாயா? பாடத்திட்டம் இரண்டாகப் பிரிக்கிறது, மழை பிரிக்கவில்லை.

மானிடப் புவியியலைக் கதை என்று சொன்னவர்களை நம்பாதே. இடம்பெயர்வுக்கு எவரெட் லீ என்ற மக்கள்தொகை ஆய்வாளர் 1966இல் சொன்ன தள்ளும் காரணி (ஊரை விட்டுப் போக வைப்பது), இழுக்கும் காரணியை (புது இடத்துக்கு வரவைப்பது) எல்லோரும் எழுதுவார்கள். நீ அதற்குக் கீழே உன் ஊரை வை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் உருவான தென்னமரம் உங்கள் வட்டாரம்தானே? (பெயர் தென்னை, பயிர் செம்பனை!) பின்னாளில் பல தோட்டங்கள் பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்டன. செம்பனைக்கு அத்தனை ஆள் தேவையில்லை. வேலை குறைய, குடும்பங்கள் தாமானுக்கும் (வீடமைப்புப் பகுதிக்கும்) பட்டணத்துக்கும் நகர, லயம் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) காலியானது. இங்கேயும் அதே வரிசைதான்.

களஆய்வுக்குத் தூரம் போகாதே. இரண்டு பக்கமும் திறந்த பால் டின் ஒன்று, அடிக்கோல், கைப்பேசி போதும். தோட்ட ஆபீஸில் அனுமதி வாங்கி, துணைக்கு ஒருவரோடு போ. குலை ஏற்றும் பாதையில் டின்னை இரண்டு அங்குலம் மண்ணில் இறக்கி, தண்ணீர் ஊற்றி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டம் எவ்வளவு இறங்கியது என்று குறி. அப்புறம் வெட்டிய மட்டைகளை அடுக்கிய இடத்தில், மட்டையை விலக்கி, அதையே செய். மிதிபட்டு இறுகிய பாதையில் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். இறங்காத தண்ணீர் மண்ணை வாரிக்கொண்டு கானுக்கு (வடிகாலுக்கு) போகிறது, கான் வழியாக ஆற்றுக்கு. 'லாரியான் பெர்முக்காஆன்' (நிலமேல் ஓடும் நீர்) என்ற சொல் அதன்பிறகு மறக்காது. தேர்வை மலாயில் எழுதினாலும் இப்படி ஒவ்வொன்றையும் முதலில் வீட்டில் யாருக்காவது தமிழில் சொல்லிப் பார். சொல்லும்போது எங்கே திக்குகிறதோ அங்கே ஒரு படி விட்டுப்போயிருக்கிறது.

டின் சோதனையை ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறையாவது செய். முந்தின நாள் மழை பெய்திருந்தால் தள்ளிப்போடு. மண் ஏற்கெனவே தண்ணீர் குடித்திருக்கும்.