ஏபிசிடி இருக்கட்டும், ஜிப் போடக் கற்றுக்கொடுங்கள்

தம்பி, வேலை விஷயமாகக் குடும்பத்தோடு ஸ்காட்லாந்தில் இருக்கிற கிளாஸ்கோவுக்கு வருகிறோம், புதுச்சேரி லாஸ்பேட்டையில் எல்கேஜி படிக்கிற பையனுக்கு நாலு வயது, அங்கே நர்சரியில் சும்மா விளையாடத்தான் விடுகிறார்களாமே, படிப்பு பின்தங்கிவிடாதா, வாடகை என்ன, எந்த ஏரியா நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகைக்கும் ஏரியாவுக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் பையனைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பின்தங்காது. ஸ்காட்லாந்தில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு வருடம் 1140 மணி நேரம் நர்சரி இலவசம். பள்ளி நாட்களில் மட்டும் அனுப்பினால் வாரத்துக்கு 30 மணி நேரம் வரும். அந்த நேரத்தில் நாலு கோடு நோட்டைக் கொடுத்து உட்காரவைக்க மாட்டார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் அளைவான், மழை பெய்தால் ரப்பர் பூட்ஸை மாட்டி வெளியே விடுவார்கள், வாழைப்பழத்தை அவனே மழுங்கல் கத்தியால் நறுக்கித் தின்பான். நாலரை, ஐந்து வயதில் பிரைமரி ஒன், அதாவது முதல் வகுப்பு, போகும்போது எழுத்து தானாக வரும். அதனால் கிளம்புவதற்குள் ஏபிசிடியை உருப்போட வைக்காமல், கோட்டுக்கு ஜிப் போட, ஷூ மாட்ட, கக்கூஸ் போய்வந்து கை கழுவ, ஊட்டிவிடாமல் தானே சாப்பிடப் பழக்குங்கள். இதெல்லாம் தெரிந்த பிள்ளைதான் இங்கே முதல் வாரத்தில் தடுமாறாது.

அப்புறம், அடி. 2020 நவம்பரிலிருந்து ஸ்காட்லாந்தில் பெற்றோர் கூடப் பிள்ளையை அடிக்கக் கூடாது, சட்டமே இருக்கிறது. "டீச்சர்கிட்ட சொல்லிடுவேன்" என்று மிரட்டுவதையும் இப்போதே விட்டுவிடுங்கள், ஏனென்றால் இங்கே டீச்சரைப் பார்த்தால் பயம் வரக் கூடாது என்பதற்குத்தான் அவ்வளவு மெனக்கெடுகிறார்கள். "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்று அப்பாவே சொல்லி விட்டுவிட்டுப் போகிற காலத்தில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் படித்தவள் நான். 2009 கல்வி உரிமைச் சட்டம் நம் ஊரிலும் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துவிட்டது, ஆனாலும் எங்கே எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

இதைப் படித்துவிட்டு வெள்ளைக்காரன் பிறவியிலேயே பரிவானவன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், எனக்குக் கோபம் வரும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் பள்ளியில் உள்ளங்கையில் வார் அடி வாங்கியவர். நுனி பிளந்த தடித்த தோல் வார், அதை லொக்கெல்லி என்ற ஊரில் சேணம் தைக்கிறவர்கள் செய்து விற்றிருக்கிறார்கள், ஊர்ப் பேரே அந்த வாருக்குப் பேராகிவிட்டது. இரண்டு தாய்மார்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 1982-இல் ஜெயித்த பிறகுதான் நிலைமை மாறியது, அரசுப் பள்ளிகளில் சட்டப்படி தடை வர 1987 ஆனது. பாடுபட்டு மாற்றியதுதான் எல்லாம். நாம் நினைத்தால் நமக்கும் முடியும்.

என் மகள் பிரைமரி மூன்றில் இருந்தபோது ஒரு பையன் அவளுடைய புளிசாதத்தைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டான். நான் ஹெச்எம்மிடம் போய் அவனுக்கு என்ன தண்டனை என்று கேட்டேன். இரண்டு பேரையும் உட்காரவைத்து, என்ன நடந்தது, உனக்கு எப்படி இருந்தது, இனி எப்படிச் சரி செய்யலாம் என்று மாறி மாறிக் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பூசி மெழுகுகிறார்கள் என்று அன்றைக்கு வீட்டில் கத்தினேன். ஆனால் அதே பையன் இவள் பிறந்தநாளுக்கு வந்து புளிசாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

நம்மவர்கள் கதை தனி. பிறந்தநாள் விருந்தில் நாலு தமிழ்க் குடும்பம் கூடினால் போதும், "இங்க ஒண்ணுமே சொல்லித்தரல, ஊர்ல இந்த வயசுல பதினாறாம் வாய்ப்பாடு" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை இரண்டு டியூஷன். பத்து வருடமாக இங்கே இருக்கிறார்கள், மகனுடைய டீச்சரிடம் ஒருநாள் நின்று பேசியிருக்க மாட்டார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள்.

இங்கேயும் குறை இருக்கிறது. நர்சரி ஊழியர்களுக்குச் சம்பளம் குறைவு, பிள்ளை ஒட்டிக்கொண்ட நேரத்தில் அந்த அக்கா வேறு வேலைக்குப் போய்விடுவார். பேச்சுப் பயிற்சி தேவைப்படுகிற பிள்ளை மாதக்கணக்கில் காத்திருக்கும்.

நாங்கள் வந்தது ஒரு ஜனவரியில், நாலு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். மகளுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. நர்சரியில் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்து, தண்ணி, வலிக்குது, கக்கா, அம்மா வருவாங்க, இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டினார்கள். அவள் அழும்போதெல்லாம் நர்சரி டீச்சர் முட்டி போட்டு உட்கார்ந்து "அம்மா வர்வங்கா" என்பார். எங்கள் பள்ளியில் அந்த மாதிரி முகத்தைப் பார்த்துப் பேசியது சத்துணவு ஆயா ஒருவர்தான், தன் தலையில் அடித்துக்கொண்டே இன்னும் ஒரு கரண்டி சாம்பார் ஊற்றுவார். நர்சரிக்காரர்களே தமிழில் பேசப் பார்க்கிறார்கள், அதனால் வீட்டில் தமிழை விட்டுவிடாதீர்கள், நர்சரியிலேயே அதைத்தான் சொல்வார்கள்.

பையனுடைய பிறப்புச் சான்றிதழையும் தடுப்பூசி அட்டையையும் செக்-இன் பெட்டியில் போடாமல் கையிலேயே எடுத்து வாருங்கள். வீடு கிடைத்ததும் முகவரிச் சான்றோடு போய்ப் பதிந்துவிடுங்கள், பக்கத்து நர்சரியில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.