பயோடீசல் ஆலை: பணத்தை எங்கே போடுவது?

(எண்ணெயோடு மெத்தனாலும் காரமும், அதாவது காஸ்டிக் சோடா போன்றது, சேர்த்துச் சூடாக்கினால் பயோடீசலும் கிளிசரினும் கிடைக்கும். இந்த வினை நடக்கும் கலன்தான் ரியாக்டர். கணக்குகள் எல்லாம் ஓட்டல், பலகாரக் கடைகளில் பொரித்து மீந்த பாமாயிலுக்கு. விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.)

கே: தினம் 5 டன் எண்ணெய் ஓட்ட 5,000 லிட்டர் ரியாக்டர் போதும் என்கிறார் எந்திரம் விற்பவர். சரியா?

ஒரே பேட்சில், அதாவது ஒரே தடவையில், ஓட்டுவதானால் போதாது. நூறு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் 25 லிட்டர் மெத்தனால் சேரும். நுரைக்கும் ஆவிக்கும் மேலே ஐந்தில் ஒரு பங்கு இடம் விட வேண்டும். அப்படிப் பார்த்தால் 5,000 லிட்டர் ரியாக்டரில் ஒரு தடவைக்கு 3,200 லிட்டர் எண்ணெய்தான் போடலாம். 5 டன் என்பது ஏறத்தாழ 5,500 லிட்டர். இரண்டு பேட்சாகப் பிரித்தால் அந்த ரியாக்டரே தாராளம்.

ஆனால் ஆலையின் வேகத்தை முடிவு செய்வது ரியாக்டர் இல்லை. 60 டிகிரியில் வினை முடிய ஒரு மணி நேரம். கிளிசரின் அடியில் இறங்கத்தான் நான்கு முதல் எட்டு மணி நேரம் ஆகும். அதை ரியாக்டருக்குள்ளேயே தெளியவிட்டால் விலை உயர்ந்த கலன் நாளெல்லாம் சும்மா நிற்கும். அடி கூம்பாக உள்ள தெளிவுத் தொட்டிகள் நான்கு போடுங்கள். செலவு குறைவு, உற்பத்தி இரட்டிக்கும். எண்ணெயிலுள்ள தண்ணீரை நீக்கும் டேங்கும் அப்படியே தனியாக இருக்கட்டும். 5 டன் அளவில், பேட்ச் இல்லாமல் எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்கும் தொடர் ஓட்ட ஆலையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கடைக்குக் கடை எண்ணெயின் தரம் மாறும். பேட்சில் அதற்கேற்பக் காரத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

சூடேற்றுவதற்கும் கணக்கு உண்டு. 1,000 லிட்டர் எண்ணெயை 30இலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 15 யூனிட் மின்சாரம். எண்ணெய்க்குள் முக்கும் ஹீட்டரை மெத்தனால் புழங்கும் கலனில் வைக்கவே கூடாது: மட்டம் இறங்கி ஹீட்டர் வெளியே தெரிந்தால் ஆவி பற்றிக்கொள்ளும். கலனைச் சுற்றிய உறையில் (ஜாக்கெட்) வெந்நீரோ நீராவியோ ஓட்டுங்கள்.

கே: கிலோவுக்கு 6 ரூபாய் குறைவாக ஒரு வியாபாரி எண்ணெய் தருகிறார், ஆனால் எஃப்.எஃப்.ஏ. 8 சதவீதம். வாங்கலாமா?

எஃப்.எஃப்.ஏ. என்பது எண்ணெயில் பிரிந்து கிடக்கும் கொழுப்பமிலம். முதலில் அந்த 8ஐ நீங்களே சரிபாருங்கள். 1 மி.லி. எண்ணெயை 10 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, இரண்டு சொட்டு பினால்ப்தலீன் (நிறம் காட்டும் மருந்து) விட்டு, லிட்டருக்கு 1 கிராம் காஸ்டிக் சோடா கலந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இளஞ்சிவப்பு நிலைக்க எத்தனை மி.லி. ஆகிறதோ, அதை 0.77 ஆல் பெருக்கினால் எஃப்.எஃப்.ஏ. சதவீதம். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு லாரி எண்ணெயைக் காப்பாற்றும்.

நேராகக் காரம் போட்டால் அந்த 8 சதவீதமும் சோப்பாகும். சோப்பு தன்னோடு நல்ல பயோடீசலையும் கிளிசரினுக்குள் இழுத்துப் போகும். எண்ணெய் கிலோ 60 ரூபாய், 1,000 கிலோவுக்கு 1,045 லிட்டர் பயோடீசல் என்றால், விளைச்சல் ஒரு சதவீதம் குறைய லிட்டருக்கு ஏறத்தாழ 60 பைசா போகும். எஃப்.எஃப்.ஏ. 2 சதவீதமுள்ள எண்ணெயோடு ஒப்பிட்டால் 6 சதவீதம் நேரடி இழப்பு, அதோடு இழுத்துப் போவதும் சேரும். 6 ரூபாய் சலுகையில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

அமிலம் போட்டு முன்பதப்படுத்தலாமே என்பீர்கள். ஒரு கிலோ எஃப்.எஃப்.ஏ.வுக்கு 2.25 கிலோ மெத்தனால், 50 கிராம் கந்தக அமிலம். ஒரு டன்னுக்கு 180 கிலோ மெத்தனால் ஆயிற்று. வினையில் ஐந்து கிலோ தண்ணீரும் பிறக்கும், அதை மெத்தனாலோடு தெளியவிட்டு எடுக்க வேண்டும். எஸ்.எஸ். 316 வகைத் துருப்பிடிக்காத எஃகுக் கலனும், ஈர மெத்தனாலைப் பிரிக்கக் காய்ச்சி வடிக்கும் கோபுரமும் தேவை. 5 டன் ஆலைக்கு என் கருத்து: எஃப்.எஃப்.ஏ. 5 சதவீதத்துக்கு மேல் உள்ள எண்ணெயைத் தொடாதீர்கள்.

கே: மெத்தனால் மீட்புக் கருவி அவசியமா? விலை அதிகமாக இருக்கிறது.

ஒரு டன்னுக்கு ஊற்றுவது சுமார் 220 கிலோ, வினையில் செலவாவது 110. மிச்சத்தில் 80 கிலோ மீட்டாலும், கிலோ 35 ரூபாய் என்றால், 5 டன்னுக்குத் தினம் 14,000 ரூபாய். எவ்வளவு நாளில் கருவி விலையை எடுக்கும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

உபரி மெத்தனாலில் பெரும்பங்கு கிளிசரின் அடுக்கில்தான் இருக்கும். முதலில் அதைக் காய்ச்சுங்கள். கிளிசரினைப் பிரிக்காமல் பயோடீசலிலிருந்து மெத்தனாலை விரட்டினால் வினை பின்னோக்கி ஓடும். மீட்டதன் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரில் பாருங்கள்: 20 டிகிரியில் 0.791 தூயது, ஒரு சதவீதத் தண்ணீருக்கு ஏறத்தாழ 0.003 கூடும்.

கே: உரிமம் என்னென்ன?

மெத்தனால் விஷம், தீப்பற்றும் பொருள், இரண்டும். தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டு விதிகளின்படி மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் நடந்த சாவுகளுக்குப் பிறகு இருப்புக் கணக்கில் சிறு வித்தியாசமும் பெரிய தொல்லை. கிடங்குக்கு வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் இடம் வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். மோட்டார், சுவிட்ச் எல்லாம் தீப்பொறி தடுப்பு வகை, டேங்குக்கு எர்த்திங். மெத்தனால் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது.

கே: பம்ப் சீல் அடிக்கடி ஊதிப் போகிறது, ஃபில்டரில் பச்சை வண்டல்.

நைட்ரைல், இயற்கை ரப்பர் இரண்டையும் பயோடீசல் ஊத வைக்கும். விட்டான் அல்லது டெஃப்லான் போடுங்கள். பச்சை வண்டலுக்குப் பித்தளை வால்வையோ தாமிரக் குழாயையோ தேடுங்கள். கால்வனைஸ்டு டேங்கும் ஆகாது. காஸ்டிக் கலக்கும் பாத்திரம் அலுமினியமாக இருந்தால் ஹைட்ரஜன் கிளம்பும், ஆபத்து.

கே: பயோடீசலைத் தண்ணீரில் கழுவும்போது மோர் மாதிரி வெள்ளையாகிவிடுகிறது.

சோப்பு அதிகம், அல்லது வினை முழுமையாகவில்லை. 3 மி.லி. பயோடீசலை 27 மி.லி. மெத்தனாலில், அறை வெப்பம் 20–25 டிகிரியில், குலுக்கிப் பாருங்கள். அடியில் சொட்டு தங்கினால் எண்ணெய் மீதமிருக்கிறது. திரும்ப வினை செய்யுங்கள். காரத்தை இரண்டு தவணையாகப் போடுவது (80 சதவீதம், கிளிசரின் வடித்தபின் 20) இதைப் பெரிதும் தவிர்க்கும். சொட்டு இல்லையென்றால் பிரச்சினை சோப்புதான்: முதல் கழுவலில் தண்ணீரை மெல்லத் தெளியுங்கள், கலக்காதீர்கள்.

கே: யாரிடம் விற்பது? விலை கட்டுமா?

பயோடீசலுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 15607இல் தேர்ச்சி இல்லாமல் யாரிடமும் விற்க முடியாது: தண்ணீர் 500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 500 பங்கு), மெத்தனால் 0.2 சதவீதம், மொத்த கிளிசரின் 0.25 சதவீதத்துக்குள். 2019இல் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் மூன்றாண்டுக்கு அறிவித்த விலை லிட்டருக்கு 51, 52.70, 54.50 ரூபாய். எண்ணெய் கிலோ 60 என்றால் லிட்டருக்கு எண்ணெய்ச் செலவே 57 ரூபாய். அந்த விலையில் நஷ்டம்தான். எண்ணெய் 40க்குக் கிடைத்தால் 38 ரூபாய், மிச்சத்தில் மற்றதெல்லாம் அடங்க வேண்டும். ஆகவே ரியாக்டருக்கு முன்பணம் கொடுக்கும் முன் எண்ணெய்க்கு ஒப்பந்தம் போடுங்கள். தினம் 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் புழங்கும் ஓட்டல்கள் கணக்கு வைத்துப் பதிவு பெற்றவர்களிடமே பழைய எண்ணெயைக் கொடுக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. உங்கள் பேச்சுவார்த்தைக்கு அது உதவும்.

கே: ஊட்டியில் ஒரு எஸ்டேட் பயோடீசல் கேட்கிறது.

பாமாயில் பயோடீசல் 15 டிகிரி வாக்கில் கலங்கத் தொடங்கும். டிசம்பரில் ஃபில்டர் அடைத்துவிடும். டீசல் கலக்காமல் நூறு சதவீதமாகக் கொடுக்காதீர்கள்.