38 வாரத்தில் பிறந்தும் 2.1 கிலோதானா?

38 வாரத்தில் பிறந்த குழந்தை 2.1 கிலோதான், நான் சரியாகச் சாப்பிடாததாலா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தக் குற்ற உணர்வை இறக்கி வையுங்கள். 2.5 கிலோவுக்குக் கீழே என்றால் எடைக் குறைவுதான். ஆனால் இது குறைப்பிரசவம் இல்லை. வயிற்றுக்குள் வளர்ச்சி மட்டுப்பட்டிருக்கலாம். ஏழாம் மாதத்திலிருந்து ரத்த அழுத்தம் ஏறியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். எனக்கு அதன் மேல்தான் சந்தேகம்.

சரி, இப்போது முக்கியம் உடல் சூடு. தோலுக்கடியில் கொழுப்பு குறைவு என்பதால் சீக்கிரம் குளிர்ந்துவிடும். ரத்தச் சர்க்கரையும் சட்டென்று இறங்கும். டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்டு, வெறும் மார்போடு அணைத்து மேலே போர்த்திக்கொள்ளுங்கள் (அப்பாவின் மார்பும் ஆகும்!). தூங்குகிறதே என்று விடாமல், 2-3 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பால் கொடுங்கள். பாதம் சில்லிட்டு, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.